முழங்கையால் ஓடும் மிஷின்

வல்லம் வடகால் தொழிற்பேட்டையில், காருக்கு வயர் தயாரிக்கும் கம்பெனியில் பூமாரி வேலைக்குச் சேர்ந்ததும் எல்லோரும் அவளைத் தாங்கு தாங்கென்று தாங்கினார்கள். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். சின்ன வயதில் பஸ் விபத்தில் கால்கள் செயலிழந்து, சக்கர நாற்காலிக்கு வந்தவள்.

சூப்பர்வைசர் பலராமன் பென்னலூர்க்காரர், தங்கமான மனுஷன். பூமாரியை ஸ்டோர் ஓரமாக ஃபேனுக்கு அடியில் உட்கார வைத்து, டப்பாக்களுக்கு லேபிள் ஒட்டச் சொல்லிவிட்டார். அதிலும் பாதியை யாராவது வந்து ஒட்டிவிட்டுப் போவார்கள். டீ இருந்த இடத்துக்கே வரும். இந்த மாதிரி அன்புத் தொல்லை எதிரிக்கும் வரக்கூடாது. அவள் கேட்டதோ, வயர் முனையில் பித்தளைக் கொக்கியை அழுத்திப் பொருத்தும் கிரிம்பிங் மிஷின்.

"அத்த காலால மிதிச்சாத்தாம்மா ஓடும். உனக்கு இன்னாத்துக்கு அந்தக் கஷ்டம்?" என்பார் பலராமன், ஒவ்வொரு தடவையும்.

ஆயுத பூஜை வந்தது. அந்த மிஷின் லைனில் அவரவர் மிஷினை அவரவர்தான் துடைத்துப் பொட்டு வைக்க வேண்டும், அடுத்தவர் கை படக்கூடாது. ஆளாளுக்குச் சந்தனக் கிண்ணத்தோடு அலைந்தார்கள். பூமாரி எதற்குப் பொட்டு வைப்பாள், லேபிள் சுருளுக்கா? பலராமனுக்கு மனசு கேட்கவில்லை. அவள் கழுத்தில் மாலையைப் போட்டு, குத்துவிளக்கை ஏற்றச் சொல்லி மெழுகுவர்த்தியைக் கையில் கொடுத்தார். எல்லோரும் கைதட்டினார்கள்.

பூமாரிக்கு வந்ததே கோபம்! மாலையைக் கழற்றி மடியில் வைத்தாள்.

"விளக்கேத்த விருந்தாளியக் கூப்பிடுங்க சார். நான் வேல பாக்க வந்தவ. பொட்டு வைக்க எனக்குன்னு ஒரு மிஷின் கிடையாதா?"

பலராமன் மிஷினுக்கு அடியில் இருந்த கால் பெடலைக் காட்டினார். மிஷின் ரிப்பேர் பார்க்கும் மெயின்டனன்ஸ் பேச்சிராஜ் முன்னால் வந்தான். அவனும் தெக்கத்தி ஆள்.

"பெடல் தரையிலதான் கெடக்கணும்னு சட்டமா சார்? தூக்கி மேச ஓரத்துல வச்சா முழங்கையால அமுக்கிட்டுப் போறா."

இவ்வளவுதான் விஷயம். இதற்குத்தான் இத்தனை மாதம் லேபிள் ஒட்டினாள்! சேஃப்டி ஆட்கள் வந்து பார்த்துச் சரி என்றார்கள். பேச்சிராஜ் மேசையை இறக்கினான், பெடலை ஏற்றினான். தீபாவளி வரை பார்ப்போம், சரிப்படாவிட்டால் மறுபடி லேபிள்தான் என்று பேச்சு.

முதல் வாரம் குப்பைத் தொட்டிதான் நிறைந்தது. முழங்கை அழுத்தும் நேரத்தில் விரல் வயரை விட்டுவிடும். பலராமன் பின்னாலேயே நின்று உச்சுக் கொட்டினார். "நீங்க நின்னா எனக்குக் கை ஓட மாட்டேங்கு சார்" என்று அவரை விரட்டினாள். ராத்திரி ஹாஸ்டல் கட்டிலில் படுத்தால் தோள் விண்விண்ணென்று தெறிக்கும். ஆனாலும் விடிந்தால் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தாள். மெல்ல மெல்லக் கை பழகிவிட்டது. பக்கத்து மிஷின் கனகலட்சுமி, முட்டி வலிக்காரி, "எனக்கும் பெடல மேல ஏத்திக் குடு" என்று பேச்சிராஜைப் பிடித்துக்கொண்டாள்.

தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை. ஷிப்ட் முடிந்து கிளம்பிய பூமாரியின் வழியை மறித்துக்கொண்டு பலராமன் மூச்சு வாங்க நின்றார்.

"நாளைக்கு ஓ.டி. வந்துரும்மா. அர்ஜென்ட் ஆர்டர்."

அவளை இதுவரை யாரும் ஓவர்டைமுக்குக் கூப்பிட்டதில்லை. உள்ளே மனசு குதிபோட்டது. முகத்தில் காட்டவில்லை.

"ஞாயித்துக்கிழம துணி தொவைக்கணும் சார்."

"துணிய நானே தொவைச்சுக் குடுக்கறேன் தாயே! பாதிப் பேரு ஊருக்குப் பூட்டாங்க. நீயும் வரலன்னா லைன் நின்னுடும்மா!"

பிறந்ததிலிருந்து அவளிடம் யாரும் இப்படிச் சொன்னதில்லை. பூமாரிக்குக் கண் கலங்கிவிட்டது, சிரிப்பும் வந்தது.

"இன்னொரு தடவ சொல்லுங்க சார்."

"லைன் நின்னுடும்மா!" என்று கத்தினார் பலராமன்.

"யோசிச்சுச் சொல்லுதேன்" என்று சொல்லிவிட்டு, பூமாரி நாற்காலியைத் திருப்பிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.