அத்தான் பக்கத்துக் கண்ணாடி

என் கணவரின் அண்ணனைப் பழிவாங்குவது என்று நான் முடிவு செய்தது மெக்கானிக் கடையில், ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தபோது. அதற்கு முன்னால் அவர்மேல் எனக்கு எரிச்சல் மட்டும்தான் இருந்தது.

அவரை நான் அத்தான் என்று கூப்பிடுவேன். சங்கரன்கோவிலில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். புதுக் கார் வாங்கியபோது பழைய காரை எங்களுக்குக் ‘கொடுத்தார்’. எல்லோரிடமும் அப்படித்தான் சொன்னார். அவர் சொன்ன விலைக்கு மறுபேச்சில்லாமல் நாங்கள் வாங்கினோம் என்பது அந்தப் பேச்சில் ஒருநாளும் வராது. பன்னிரண்டு வருஷம் அவர் கையில் ஓடிய வெள்ளைக் கார். நான் இளையரசனேந்தல் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பஸ் மாறிப் போய்ச் சலித்து, நாற்பத்து மூன்று வயதில் கார் ஓட்டப் பழகி லைசென்ஸ் எடுத்திருந்தேன். என் கணவர் பைக்கைத் தாண்டி எதையும் ஓட்ட மாட்டார். அதனால் வண்டி முழுக்க முழுக்க என்னுடையது என்று ஒரு சந்தோஷம் இருந்தது.

சாவியைக் கொடுத்த அன்று ஏசியை ஓடவிட்டு, நாலு கண்ணாடியையும் ஏற்றி வைத்திருந்தார். நான் ஆசையாக ஸ்விட்சில் விரலை வைத்தபோது, “ஏசி ஓடும்போது கண்ணாடிய எதுக்கும்மா இறக்குதே? பூராவும் தூசில்லா வரும்” என்று என் கையை நிறுத்தினார். அக்கறையோடு சொல்கிறார் என்று நினைத்தேன்.

முதல் மாதத்திலேயே இடது பக்க முன் கண்ணாடி வேலை செய்யாமல் போனது. ஸ்விட்சை எவ்வளவு அமுக்கினாலும் அசையாது. சரி, அந்தப் பக்கம் யார் உட்காரப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். பின்பக்கக் கண்ணாடிகள் முனகியதோடு சரி, இறங்கவில்லை. அதையும் விட்டேன். ஐந்தாவது மாதம், மழைக்காலத்தில், குருவிகுளம் தாண்டிப் போய்க்கொண்டிருந்தபோது நான் உட்கார்ந்திருக்கிற பக்கத்துக் கண்ணாடி ‘டொம்’ என்று ஒரு சத்தத்தோடு கதவுக்குள் விழுந்தது. நான் ஸ்விட்சைத் தொடவே இல்லை. பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கி ஏறியது, அவ்வளவுதான்.

விழுந்து பத்து நிமிஷத்தில் மழை பிடித்தது. ஒதுங்க ஒரு மரம்கூட இல்லாத கரிசல்காடு. பக்கத்து சீட்டில் பத்தாம் வகுப்பு அரையாண்டு விடைத்தாள் கட்டு இருந்தது. என் சேலை முந்தானையால் அதை மூடி, ஒரு கையால் அணைத்துக்கொண்டு, மறு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்து ஓட்டிப் போய்ச் சேர்ந்தேன். அப்படியும் மேலே இருந்த தாள்கள் ஊறிவிட்டன. ஆய்வகத்து மேஜைகளில் தாள்களைப் பரப்பி ஃபேனைப் போட்டுக் காயவைத்தேன். ஈரச் சேலையோடு அன்று முழுக்கப் பாடம் நடத்தினேன். தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு, “பிள்ளைகள் பரிட்சைத் தாள டீச்சரே இப்படிக் கொண்டுவந்தா என்ன அர்த்தம்?” என்று கேட்டார்.

என் கணவர் அண்ணனிடம் இதைச் சொன்னது ஒரு பதினாறாம் நாள் விசேஷத்தில். பந்தி முடிந்து ஆண்கள் எல்லாரும் பந்தல் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். நான் இலை எடுத்துக்கொண்டு போன வழியில் காதில் விழுந்தது.

“அண்ணே, அந்தக் கண்ணாடி ஒண்ணும் வேலை செய்ய மாட்டேங்கு. ஒங்கட்ட இருக்கும்போதே இப்படி இருந்துச்சோ?”

அத்தான் சிரித்தார். “ஏலே, பன்னெண்டு வருசம் என் கையில பொன்னு மாதிரி இருந்த வண்டி. பொம்பள கைக்குப் போச்சுன்னா அஞ்சு மாசம்தான். ஸ்விட்சத் தொட்டா போதும். ஒம் பொண்டாட்டி அம்மில தேங்கா நசுக்குத மாதிரி நசுக்கிருப்பா.”

அங்கே இருந்த இருபது பேரும் சிரித்தார்கள். என் கணவரும் கொஞ்சம் சிரித்தார். கையில் எச்சில் இலையோடு நான் நின்றுகொண்டிருப்பதை அத்தான் பார்த்தார். பார்த்தும், “என்னம்மா, சரிதான?” என்று கேட்டார். ஆமாம் என்பது போல நானும் தலையை ஆட்டித்தொலைத்தேன். அந்தத் தலையாட்டலை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

அந்தப் பேச்சு அங்கேயே நிற்கவில்லை. அவர் மனைவியை நான் அக்கா என்பேன். அக்கா போகிற வீட்டுக்கெல்லாம் அதைக் கொண்டுபோனார். ஒரு கல்யாண வீட்டில் முன்னே பின்னே தெரியாத ஒரு அம்மாள், “நீதான அந்தக் காரு கண்ணாடிய ஒடச்ச டீச்சரு?” என்று என்னிடம் விசாரித்தார்.

அதற்குப் பிறகுதான் வண்டியை ராஜபாளையம் ரோட்டில் இருக்கும் அந்த மெக்கானிக்கிடம் விட்டேன். என் பக்கத்துக் கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தவர், “டீச்சர், இங்கன வந்து பாருங்க” என்று கூப்பிட்டார்.

கதவுக்குள்ளே, கண்ணாடிக்குக் கீழே, ஒரு நீல ரப்பர் செருப்பின் அடிப்பாகத்தை வெட்டிச் சுருட்டி, டேப் சுற்றிச் செருகியிருந்தது. பள்ளத்தில் குலுங்கியபோது அது ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது.

“கண்ணாடியப் பிடிச்சிருக்க கிளிப்பு ஒடஞ்சு ரொம்ப நாளாச்சு. யாரோ செருப்ப முட்டுக்குடுத்து நிறுத்திருக்காங்க.”

“எத்தன நாள் இருக்கும் தம்பி?”

அவர் டேப்பை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். “வருசக் கணக்கா இருக்கும் டீச்சர். டேப்பு வெந்துபோய்க் கெடக்கு.”

இடது பக்கக் கதவையும் திறந்தார். கதவுக்கும் வண்டிக்கும் நடுவே வயர்கள் போகிற ரப்பர் குழாய்க்குள் ஒரு வயர் அறுந்து, ஒட்டியும் ஒட்டாமலும் கிடந்தது. “இது ஒரு வேடிக்க. கதவ லேசாத் தூக்கி, ஸ்விட்ச அமுக்கிக்கிட்டே ஒரு அறை அறஞ்சா வயரு ஒட்டிரும். கண்ணாடி இறங்கும். முன்னால ஓட்டுனவங்களுக்கு அந்தப் பக்குவம் தெரிஞ்சிருக்கும்.”

திரும்பி வந்து அந்த பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தேன். செருப்புத் துண்டை எடுத்துக்கொண்டு நேராகப் பாத்திரக்கடைக்குப் போகலாம் என்று முதலில் தோன்றியது. போனால் என்ன நடக்கும் என்றும் தெரிந்தது. எவனோ மெக்கானிக் செய்த வேலை, எனக்கு என்ன தெரியும் என்பார். கடையில் நிற்பவர்கள் முன்னால் இன்னொரு தடவை சிரிப்பார். எதைக் கேட்டாலும் அவர் கையில் ஒரு பதில் இருக்கும். அவர் வாயாலேயே, அவருக்கே தெரியாமல், அது வெளியே வர வேண்டும்.

நாலு கண்ணாடியையும் முழுதாகச் சரி செய்யச் சொன்னேன். மோட்டார், கிளிப், வயர் எல்லாம் புதிது. வேலை முடிந்த அன்று நாலும் சத்தமே இல்லாமல் ஏறி இறங்கின. மெக்கானிக் என் பக்கத்துக் கதவில் ஒரு சின்னப் பட்டனைக் காட்டினார். அதை அமுக்கி வைத்தால் மற்ற மூன்று பேரும் தங்கள் பக்கத்துக் கண்ணாடியை இறக்க முடியாது. “சின்னப் பிள்ளைகள் இருந்தா உதவும் டீச்சர்” என்றார். என் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இல்லை.

கண்ணாடி சரியான விஷயத்தை யாரிடமும் சொல்லவில்லை. என் கணவரிடம், என் பக்கத்துக் கண்ணாடியை மட்டும் ஏற்றி, இறங்காதபடி ஒப்பேற்றியிருக்கிறது என்றேன். காத்திருந்தேன். கோபத்தை அத்தனை நாள் கெடாமல் வைத்திருக்க என்னால் முடியும் என்பது எனக்கே புதிய செய்தி.

மே மாதம் கடையநல்லூரில் சொந்தக்காரரின் புதுவீட்டுப் பால்காய்ப்பு வந்தது. அத்தானின் புதுக் காரை யாரோ பின்னால் இடித்து, அது ஒர்க்‌ஷாப்பில் நின்றது. நானே போன் பண்ணினேன். “நம்ம வண்டியிலயே போயிருவோம் அத்தான். நீங்களும் அக்காவும் வாங்க.”

“கண்ணாடி இல்லாத வண்டியிலயா?” என்று சிரித்தார்.

“ஏசி இருக்குல்லா” என்றேன்.

காலையில் ஏசியோடு சுகமாகப் போய்ச் சேர்ந்தோம். சாப்பிட்டு முடித்து மதியம் இரண்டு மணிக்குத் திரும்பினோம். அத்தான் முன்னால் என் பக்கத்தில். பட்டுச் சட்டை, மடியில் தாம்பூலப் பை. என் கணவரும் அக்காவும் பின்னால். வண்டியை எடுக்கும்போதே ஏசியை அணைத்திருந்தேன். அந்தப் பட்டனையும் அமுக்கியிருந்தேன்.

“என்னம்மா, ஏசி வரல?”

“தெரியல அத்தான். கேஸு போயிருச்சு போல.”

புளியங்குடி வருவதற்குள் அவர் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. எனக்கும்தான் வியர்த்துக் கொட்டியது. அது எனக்குப் பொருட்டாக இல்லை. எலுமிச்சை மூட்டை ஏற்றிய லாரி ஒன்றுக்குப் பின்னால் மெதுவாக ஊர்ந்தபோது, அத்தான் ஸ்விட்சை அமுக்கிப் பார்த்தார். அசையவில்லை. பின்னால் அக்கா, “ஏங்க, மூச்சு முட்டுது” என்றார். நான் பேசாமல் ஓட்டினேன். ஊரைத் தாண்டியதும் அவரே பொறுக்க முடியாமல் சொன்னார்.

“வண்டிய ஓரங்கட்டும்மா. நான் இறக்குதேன்.”

“அதுதான் வேலை செய்யாதே அத்தான்.”

“நிப்பாட்டும்மான்னா. இதுக்கு ஒரு பக்குவம் இருக்கு.”

நிறுத்தினேன். என் விரலைப் பட்டனின்மேல் வைத்துக்கொண்டேன். அவர் கதவை ஒரு சாண் திறந்தார். ஒரு கையால் லேசாக மேலே தூக்கினார். மறு கை விரலால் ஸ்விட்சை அமுக்கிக்கொண்டே ஓங்கி அறைந்தார். கண்ணாடி நகரவில்லை.

“ஒரு தடவையில வராது” என்றார், எனக்குப் பாடம் எடுப்பது போல. “வயரு ஒட்டணும்.”

இரண்டாவது அறை. அதற்கும் நான் விடவில்லை. கொஞ்ச நேரம் நீடிக்கட்டும் என்று இருந்தது. மூன்றாவது அறையின்போது என் விரல் அந்தப் பட்டனை விடுவித்தது. கண்ணாடி வழுக்கிக்கொண்டு இறங்கியது.

“பாத்தியா!” அத்தான் முகம் பூரித்துப்போனது. பின்னால் திரும்பித் தம்பியைப் பார்த்தார். “மூணு வருசமா இப்படித்தாம்ல இறக்குவேன். அந்தப் பக்கம் இன்னும் மோசம். செருப்ப வெட்டி வச்சுல்லா ஓட்டுனேன்.”

நான் செருப்பைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்டிருக்கவில்லை. அதுவும் வரும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை.

ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு கடந்து போனது. தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு அப்போதுதான் எட்டியது. வாய் பாதி திறந்தபடி நின்றது.

“மூணு வருசமாவா அத்தான்?” என்று கேட்டேன். “அப்ப தேங்கா நசுக்குனது யாரு?”

அவர் தாம்பூலப் பையைத் திறந்து உள்ளே எதையோ தேடினார். நான் என் பக்கத்து ஸ்விட்சுகளில் கை வைத்து நாலு கண்ணாடியையும் ஒன்றாக இறக்கினேன், ஏற்றினேன், மறுபடி இறக்கினேன். பிறகு அவர் பக்கத்துக் கண்ணாடியை மட்டும் ஏற்றி, பட்டனை அமுக்கிவிட்டு வண்டியை எடுத்தேன். உண்மையைச் சொன்னால், மற்ற மூன்று பக்கமும் திறந்திருந்ததால் காற்றுக்கு அவருக்கு ஒரு குறையும் இல்லை. ஆனாலும் சங்கரன்கோவில் வரும்வரை அந்தக் கண்ணாடியைப் பார்த்தபடியே வந்தார். நடுவில் ஒரு தடவை, எனக்குத் தெரியாது என்று நினைத்து, ஸ்விட்சைத் தொட்டுப் பார்த்தார்.

பின்னாலிருந்து அக்காதான் பேசினார். “அன்னைக்கு எங்கிட்ட என்ன சொன்னிய? அவ ஒடச்சுட்டான்னுதான சொன்னிய? நான் ஊரெல்லாம் போய்ச் சொல்லிருக்கேனே. எம் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வைக்க?” அந்தக் கேள்வி அவர்கள் வீட்டு வாசல் வரை நிற்கவில்லை. இறங்கி உள்ளே போன பிறகும் கேட்டது.

எங்கள் வீட்டுக்கு வந்ததும் என் கணவர் கத்தினார். “எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா? பெரிய மனுசன ரோட்டுல வச்சா அவமானப்படுத்துவ?”

“என்னைய பந்தியில வச்சு அவமானப்படுத்துனாரே, அன்னைக்கு நீங்க சிரிச்சிய.”

“சிரிச்சேன்” என்றார். பிறகு சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனார்.

அத்தான் மன்னிப்புக் கேட்பார் என்று ஒரு ஓரத்தில் எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. என்னிடம் மட்டும் பேச்சை நிறுத்திக்கொண்டார். ஆனால் அக்கா, முன்பு பொய்யைக் கொண்டுபோன அதே வீடுகளுக்கு உண்மையையும் அதே வேகத்தில் கொண்டுபோனார். பாத்திரக்கடைக்குச் சாமான் வாங்க வந்தவர்கள்கூட, “என்ன அண்ணாச்சி, செருப்பு விக்கலியா?” என்று கேட்டார்களாம். இதை ஒருவர் என்னிடம் சொன்னபோது நான் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன். எப்போதாவது மனசு உறுத்தும் என்று நினைத்திருந்தேன். ஈரச் சேலையோடு பாடம் நடத்திய அந்த நாள் நினைவுக்கு வந்துவிடும். உறுத்தல் வராது.

போன மாதம் எங்கள் பள்ளிக்கூடத்துத் தமிழ் ஆசிரியர் ஸ்டாஃப் ரூமில் என்னிடம் வந்தார். அத்தான் அந்தப் புதுக் காரையும் விற்கப் போகிறாராம். பார்க்க வரச் சொல்லியிருக்கிறாராம்.

“ஒங்க சொந்தக்காரர்தான டீச்சர். நம்பி வாங்கலாமா?”

“கதவு அட்டையக் கழத்திப் பாத்துட்டு வாங்குங்க சார்” என்றேன்.

அவர் தயங்கினார். “அவரு கோவிச்சுக்கிட மாட்டாரா?”

“நான்தான் சொன்னேன்னு சொல்லுங்க” என்றேன்.