காந்தக் கயிறு

அப்பா ஞாயிறுதோறும் உப்பளம் மைதானத்தில் பெத்தாங்க் என்ற பிரெஞ்சுக் குண்டெறி ஆட்டம் விளையாடுவார். வீசிய இரும்புக் குண்டை எடுக்கக் குனிந்தவர் இடுப்பைப் பிடித்துக்கொள்வதை ஒருநாள் பார்த்துவிட்டேன். குனியாமலே குண்டைத் தூக்கும் காந்தக் கயிறு ஒன்றை உடனே ஆன்லைனில் வாங்கினேன். பொறுக்கவில்லை, மைதானத்துக்கே கொண்டுபோய் எல்லார் முன்னாலும் நீட்டினேன்.

“இன்னாடா, பொண்ணு தூண்டில் வாங்கியாந்துட்டா. இனிமே நீயும் பெருசுங்க டீம்தான்,” என்றார் அப்பாவின் கூட்டாளி. அப்பாவும் சேர்ந்து சிரித்தார்.

அடுத்த ஞாயிறு அவர் கிளம்பவில்லை. ஏன் என்று கேட்டேன்.

“குனிய முடியலன்னு எனக்கு மட்டுந்தாம்மா தெரிஞ்சிருந்துச்சு. நீ எல்லாருக்கும் சொல்லிட்ட.”

கோபமே இல்லாமல்தான் சொன்னார். எவ்வளவு கெஞ்சியும் பிறகு விளையாடப் போகவேயில்லை.

அதுவரை வயதை ஒளித்துவைத்துக்கொண்டுதான் அப்பா விளையாடியிருக்கிறார். பாசம் என்று நினைத்து அவரைக் காட்டிக்கொடுத்துவிட்டேன்.