எருக்கம்பால் பட்ட கண்

1985 செப்டம்பர் 17, செவ்வாய்க்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். ஆறு மணிக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. இரண்டு குடமும் அண்டாவும் நிரப்பினேன். ஒன்பதரைக்கு அலுவலகம், ஐந்து மணிக்கு வீடு. மறுநாள் விநாயகர் சதுர்த்தி. பிள்ளையாருக்கு எருக்கம்பூ மாலையை வீட்டார் கையாலேயே பறித்துக் கட்டுவது எங்கள் வழக்கம்.

ஐந்தேகாலுக்கு நானும் மனைவியும் வேங்கிக்கால் சாலையோரம் போனோம். எருக்கை அறியாதவர் இல்லை: சாம்பல் பூத்த தடித்த இலை, வெளிறிய ஊதாப் பூ, எங்கே கிள்ளினாலும் பால். அது கண்ணுக்கு ஆகாது என்றும் தெரியும். ஆனால் பட்டால் உடனே எரியும் என்று நினைத்திருந்தோம்.

அவள் ஒரு கொத்தை வெடுக்கென்று ஒடித்தபோது பால் இடது கண்ணில் தெறித்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"எரியுதா?"

"இல்லீங்க. பூவப் பறிங்க, இருட்டிடும்."

எரியவில்லை என்பதால் நானும் பறித்தேன். அதுதான் தவறு.

ஆறரைக்கு விளக்கேற்றியவள், சுடரைச் சுற்றி வளையம் தெரிகிறது என்றாள். வலது கண்ணை மூடினால் எல்லாம் புகை. பக்கத்து வீட்டம்மா விளக்கெண்ணெயோடு வந்தார்.

"ஒரு சொட்டு விடுங்க சார், குளுந்துடும்."

"வேணாம்மா, எடுத்துட்டுப் போங்க."

கடிகாரத்தைப் பார்த்துக் கால் மணி நேரம் சொம்பு சொம்பாக நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். பிறகு ரிக்‌ஷாவில் கண் டாக்டரிடம் போனோம்.

"வலிச்சிருந்தா அங்கயே கழுவிட்டு ஓடி வந்திருப்பீங்க. இது மரத்துப்போக வெச்சிடும், அதான் ஆபத்து" என்றார் அவர். சொட்டு மருந்து எழுதித் தந்தார். பார்வை திரும்புமா என்று கேட்டேன். "நாளாகும். காலையில பெரிய எழுத்து தெரிஞ்சா பயமில்ல."

மாலையை நான் கட்டினேன். கையில் பாலிதீன் பையைச் சுற்றிக்கொண்டு காம்புகளைக் கத்தரியால் நறுக்கி, பால் காயும்வரை காகிதத்தில் பரப்பி வைத்தேன். முடியும்வரை முகத்தைத் தொடவில்லை.

"பைய மாட்டிக்கிட்டுப் பூ கட்டுறீங்க. பிள்ளையாரு சிரிக்கப் போறாரு."

"சிரிக்கட்டும்."

மறுநாள் காலை முதல் வேலையாக, அவளுடைய வலது கண்ணை மூடச் சொல்லி நாட்காட்டியைக் காட்டினேன்.

"பதினெட்டு."

"தேதி உனக்கே தெரியும். கீழ படி."

"ராகு காலம் பன்னெண்டுலேருந்து ஒன்றரை."

"புதன்கிழமைன்னா அதுவும் தெரியும்."

செய்தித்தாளை விரித்தேன். தலைப்பை எழுத்துக் கூட்டிப் படித்தாள். கீழே இருந்த பொடி எழுத்து தெரியவில்லை என்றாள். சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வந்து மருந்தை விட்டேன்.