கைமாற்றாத டியூட்டி

கைராசியின் இரண்டு கைகளும் வேலையாக இருந்தன. இடது கை செல்லத்தின் நெற்றியைத் தாங்கியிருந்தது. வலது கை பிளாஸ்டிக் பையின் வாயை விரித்துப் பிடித்திருந்தது. வேன் கொண்டை ஊசி வளைவில் திரும்பியது. செல்லத்தின் வயிறும் கூடவே திரும்பியது.

"அதோ! அதோ பாருங்கடி!" முன் சீட்டிலிருந்து ஊசி கத்தினாள்.

"எங்க, எங்க?" மேட்ரன் மூக்குக் கண்ணாடியை மடியில் தேடினாள்.

"வலது பக்கம்! மரத்துக்கு மேல! அம்மாடி, என்ன வெள்ளை!"

கைராசி பையை முடிச்சுப் போட்டாள். ஈரத்துணியால் செல்லத்தின் வாயைத் துடைத்து, தலையைச் சீட்டில் சாய்த்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே செம்மண் சுவர்தான் ஓடிக்கொண்டிருந்தது. பனிமலையை வளைவு முழுங்கிவிட்டது.

"பார்த்தியா?" என்றாள் ஊசி, திரும்பாமலே.

"பார்த்தேன். செல்லம் காலையில தின்ன ரொட்டியை."

டிரைவர் மட்டும் சிரித்தார்.

நான்கு பேரும் ஒரே நர்சிங் பள்ளியில், ஒரே வருஷத்தில் படித்தவர்கள். வீட்டில் வைத்த பெயர்கள் அங்கே விடுதி வாசலோடு நின்றுவிட்டன. ஊசிக்கு உடம்பும் ஊசி, பேச்சும் ஊசி. மேட்ரன் மாணவியாக இருந்தபோதே மற்றவர்களை அதட்டி வேலை வாங்கினாள். பிற்பாடு நிஜமாகவே ஆஸ்பத்திரி நர்சுகளுக்கெல்லாம் தலைமையாக மேட்ரன் ஆனாள், அதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. செல்லத்துக்கு விடுதி வார்டன் முதல் சமையல்காரி வரை எல்லோரிடமும் செல்லம். கைராசிக்கு நோயாளிகள் வைத்த பெயர் அது. அவள் தொட்டால் நரம்பு ஒரே குத்தில் கிடைக்கும், காய்ச்சல் இறங்கும் என்று ஆண்கள் வார்டு முழுக்க ஒரு நம்பிக்கை இருந்தது. பெயர் கேட்க நன்றாக இருந்தது. வேலையும் அதற்கேற்றபடி அவள் தலையிலேயே வந்து விழுந்தது.

கடைசி வருஷத்தில் பள்ளியிலிருந்து மாணவிகளைச் சுற்றுலா கூட்டிப் போனார்கள். இதே மலை ஊர்கள், உலகத்திலேயே உயரமான மலைகளுக்குக் கீழே சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஊர்கள். வார்டைக் காலியாக விட முடியாது, ஒருத்தி தங்க வேண்டும் என்றார்கள். சீட்டுக் குலுக்கினார்கள். கைராசியின் சொந்த ராசி அன்றைக்கு லீவு போட்டுவிட்டது. மற்றவர்கள் போனார்கள். அவள் கக்கூஸ் பாத்திரங்களைக் கழுவிக்கொண்டு வார்டில் இருந்தாள்.

அது போகட்டும், இளவயசு. ஆனால் போனவர்கள் விடவில்லை. நாற்பது வருஷமாக அந்தப் பனிமலையை இறக்கி வைக்காமல் சுமந்தார்கள். கல்யாண வீட்டில் பேச்சு ஓய்ந்தால் பனிமலை. வேலையிலிருந்து விடைபெறும் கூட்டத்தில் பனிமலை. கைராசியின் புருஷன் செத்த வீட்டுக்கு வந்தபோதுகூட, அழுகை கொஞ்சம் ஓய்ந்ததும் ஊசி மூக்கைச் சிந்திவிட்டு, "அந்த வெள்ளை இருக்கே, சொன்னா புரியாது. நீ பார்த்திருக்கணும்டி" என்றாள்.

பார்த்திருக்கத்தான் வேண்டும். எங்கே பார்ப்பது? ஆஸ்பத்திரி வேலையை விட்ட மறுநாளே வீட்டில் வேலை தொடங்கிவிட்டது. முதலில் மாமியார் படுக்கையில் விழுந்தார். அவரைக் கரை சேர்த்த கையோடு புருஷனுக்குப் பக்கவாதம். பஸ் பட்டறையில் இஞ்சினைத் தனி ஆளாகத் தூக்கிய மனுஷன் ஒரு கரண்டியைத் தூக்க முடியாமல் கிடந்தார். கைராசி அவரை நேரம் தவறாமல் புரட்டிப் படுக்க வைத்தாள், குளிப்பாட்டினாள், திட்டினாள், அவரிடம் திட்டும் வாங்கினாள். அவர் போகிற நாள்வரை முதுகில் ஒரு புண் வரவில்லை. சேலையும் நகையும் பற்றிப் பேசாதவள் இதை மட்டும் பெருமையாகச் சொல்லிக்கொள்வாள்.

எல்லாம் முடிந்து வீடு காலியாக இருந்தபோதுதான் மேட்ரன் போன் செய்தாள். "மறுபடியும் அந்த மலைக்குப் போறோம். இந்தத் தடவை நீயும் வர்றே." கைராசி அன்றே கம்பளிச் சட்டையை வெயிலில் போட்டாள்.

ஆனால் மலைப் பாதை செல்லத்துக்கு ஒத்துக்கொள்ளவில்லை. முதல் வளைவிலேயே "எனக்கு ஒரு மாதிரி இருக்குடி" என்றாள். மூன்று பேரும் கைராசியைப் பார்த்தார்கள். அவள் எழுந்துபோய் செல்லத்தின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அதோடு அந்த இடம் அவளுடையதாகிவிட்டது.

முதல் ஊரில் ஏரி இருந்தது. ஊசியும் மேட்ரனும் படகில் போனார்கள். கைராசி விடுதி அறையில் செல்லத்துக்கு இஞ்சித் தண்ணீர் கொடுத்து, சுடுதண்ணிப் பையை வயிற்றில் வைத்து, கூரையில் ஈரம் படிந்த இடங்களை எண்ணிக்கொண்டிருந்தாள். அடுத்த ஊரில் கம்பளிக் கடைகள் நிறைந்த தெரு, தெருமுனையில் பனிமலை தெரியும் மேடை. "நாங்க ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடறோம், நீ இருந்தா அவளுக்குத் தெம்பு" என்று மேட்ரன் சால்வையைப் போர்த்திக்கொண்டு கிளம்பினாள். திரும்பி வரும்போது போனில் படம் படமாகக் கொண்டுவந்தாள். எல்லாப் படத்திலும் ஊசி நின்றாள். மலை அவள் காதுக்குப் பின்னால் கொஞ்சம் தெரிந்தது.

"இந்தா, நீயும் பாரு."

"உன் காதைப் பார்க்கவா நான் இவ்வளவு தூரம் வந்தேன்?" என்று கைராசி போனை ஊசியிடமே நீட்டினாள்.

விட்டுவிட்டுப் போயிருக்கலாமே என்று கேட்கலாம். அங்கேதான் சிக்கல். அவர்கள் படித்த பள்ளியில் ஒரு விதி உண்டு. டியூட்டியில் இருப்பவள் அடுத்தவளிடம் கைமாற்றாமல் கட்டிலைவிட்டு நகரக்கூடாது. வருகிறவள் கட்டில் கம்பியைத் தொட்டு "நான் பார்த்துக்கறேன்" என்று சொல்ல வேண்டும். அதுவரை பசித்தாலும், வீட்டில் பிள்ளை அழுதாலும், நகர முடியாது. இதை மீறி ஒருத்தி டீ குடிக்கப் போன நேரத்தில் கிழவர் ஒருவர் கட்டிலிலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டதை நான்கு பேரும் கண்ணால் பார்த்தவர்கள். அதன்பின் அந்த வார்த்தை நான்கு பேருக்கும் எலும்பில் ஏறிவிட்டது. மேட்ரனோ ஊசியோ வந்து அதைச் சொல்வார்கள் என்று கைராசி காத்திருந்தாள். ஒருத்தியும் சொல்லவில்லை. கேட்டு வாங்குவதற்கு அவளுக்கு மனம் இல்லை.

கடைசி ஊருக்குச் சாயங்காலம் வந்து சேர்ந்தார்கள். விடுதிக்குப் பின்னால் ஒரு மேடு, மேட்டின் மேல் கல் சுவர், சுவருக்கு அப்பால் பஞ்சுப் பொதி மாதிரி மேகம்.

"இப்ப ஒண்ணும் தெரியாதும்மா" என்றார் டிரைவர், பெட்டிகளை இறக்கியபடி. "விடியறப்ப கொஞ்ச நேரம் திறக்கும். வெயில் ஏறிட்டா மூடிடும். நாளைக்கு விட்டா அப்புறம் இறக்கம்தான், மலை முதுகுக்குப் பின்னால போயிடும்."

கைராசி அதை மனசில் எழுதி வைத்துக்கொண்டாள்.

சாப்பாட்டு மேஜையில் சூடான சூப் வந்தது. செல்லம் நன்றாகவே குடித்தாள், இன்னொரு கிண்ணமும் கேட்டாள். மேட்ரன் கரண்டியை வைத்துவிட்டுத் திட்டம் போட்டாள். "காலையில நானும் ஊசியும் மேட்டுக்குப் போயிட்டு வந்துடறோம். கைராசி, நீ செல்லத்துக்கு ரொட்டி குடுத்து, வண்டி கிளம்பறதுக்கு முன்னாடி அந்த வாந்தி மாத்திரையைப் போட்டு..."

"நான் எப்ப பார்க்கறது?"

கைராசி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"என்னது?" என்றாள் மேட்ரன்.

"மலையை. நான் எப்ப பார்க்கறது? அன்னைக்கும் வார்டுல விட்டுட்டுப் போனீங்க. இன்னைக்கும் அதே வார்டுலதான் இருக்கேன், சக்கரம் மட்டும் வச்சிருக்கு. உங்க ரெண்டு பேர் வாயிலயும் 'நான் பார்த்துக்கறேன்'னு ஒரு வார்த்தை வரல. விதி மறந்துபோச்சா?"

ஊசி சூப்பையே பார்த்தாள். மேட்ரன் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். வேலையைவிட்டு இத்தனை வருஷமாகியும் அந்த முதுகு வளையவில்லை.

"விதியை எனக்கே சொல்லித் தர்றியா? போறவதான் முதல்ல வாயைத் திறக்கணும். நோயாளி எப்படி இருக்கா, என்ன குடுத்தாச்சு, என்ன குடுக்கணும், எல்லாம் சொல்லணும். அப்புறம்தான் வர்றவ எடுத்துக்குவா. நீ ஒரு வார்த்தை சொன்னியா? முதல் வளைவுலேருந்து அவ தலையை மடியில வச்சுக்கிட்டு உம்முனு உட்கார்ந்திருக்கே. நீ கைமாத்தல. கைமாத்தாத டியூட்டியை நான் எப்படி எடுக்க முடியும்?"

"ஓ! உனக்கு வசதியா இருந்துச்சு, வாயை மூடிக்கிட்டே."

"வசதியாத்தான் இருந்துச்சு. யாரு இல்லேன்னா? ஆனா விதி விதிதான்."

கைராசிக்குக் காது மடல்வரை சூடேறியது. மேட்ரன் பேசியதில் கள்ளத்தனம் இருந்தது, ஆனால் தப்பு இல்லை. போகிறவள்தான் முதலில் பேச வேண்டும். அது அவளுக்குத் தெரியும். புதுசாக வந்த பெண்களுக்கு அவளே சொல்லிக் கொடுத்தது. அந்த இரண்டு பேரும் தாங்களாக உணர்ந்து வர வேண்டும் என்று வீம்பாக உட்கார்ந்திருந்ததுதான் மிச்சம்.

செல்லம் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "ஏன்டி, நான் என்ன ஐசியூவிலயா கிடக்கேன்? வண்டியில ஏறினாத்தான் எனக்கு ஆகாது. ரூம்ல நல்லாத்தானே இருக்கேன்!"

"அப்ப ஏன்டி ஏரிக்கரையில என் கையைப் பிடிச்சுக்கிட்டே கிடந்தே?"

"நீ பிடிச்சே, நான் விடல. யாராவது கையைப் பிடிச்சா எனக்குத் தூக்கம் நல்லா வருது."

ஊசிக்கு சூப் புரையேறியது. கைராசிக்குச் சிரிப்பு வரவில்லை. யாரைத் திட்டுவது என்றும் தெரியவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, அறைக்குப் போய், கம்பளிச் சட்டையைக் கதவு ஆணியில் மாட்டிவிட்டுப் படுத்தாள்.

மறுநாள் காலை, இருட்டு முழுசாக விலகுமுன் கைராசி எழுந்துவிட்டாள். முகம் கழுவினாள். தலையை இறுக்கிக் கொண்டை போட்டாள். சுடுதண்ணிப் பை, மாத்திரை, பிளாஸ்டிக் பைகள், ஈரத்துணி எல்லாவற்றையும் ஒரு தட்டில் அடுக்கி எடுத்துக்கொண்டுபோய் மேட்ரனின் கதவைத் தட்டினாள். மேட்ரன் பல்செட் இல்லாமல், தலை விரிந்து, போர்வையைச் சுற்றிக்கொண்டு கதவைத் திறந்தாள்.

கைராசி நேராக நின்றாள். "நோயாளி செல்லம். இரவு நல்ல தூக்கம். வாந்தி இல்லை. சூப் ரெண்டு கிண்ணம் உள்ளே போயிருக்கு. காலையில காய்ந்த ரொட்டி மட்டும், வண்டி கிளம்பறதுக்குக் கொஞ்சம் முன்னாடி மாத்திரை. ஜன்னல் பக்கம் உட்கார வைக்கணும், வளைவு வந்தா நெற்றியைப் பிடிக்கணும். கையைக் குடுத்தா விடமாட்டா. கைமாத்தறேன்."

மேட்ரன் தட்டைப் பார்த்தாள். ஊசியின் கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். ஊசி குறட்டையில் இருந்தாள், அது பாதி பொய்க் குறட்டை. வேறு வழி தெரியாமல் மேட்ரன் கதவுக் கம்பியைத் தொட்டாள்.

"நான் பாத்துக்கறேன்" என்றாள் பொக்கை வாயோடு. "போ, போய்த் தொலை."

கைராசி மேட்டில் ஏறினாள். முழங்கால் முனகியது, அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கல் சுவர் பனியில் நனைந்து சில்லென்று இருந்தது. அதன்மேல் துண்டைப் போட்டு உட்கார்ந்தாள். எதிரே மேகம்தான். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. இவ்வளவு பாடுபட்டு வந்தும் மேகம்தானா என்று வாய்க்குள் ஒரு கெட்ட வார்த்தை உருண்டது. அதற்குள் மேகம் நடுவில் பிளந்தது. அவள் எதிர்பார்த்ததைவிட ரொம்ப மேலே, வானம் என்று அவள் நினைத்திருந்த இடத்தில், மலை இருந்தது.

வெள்ளையாக இல்லை. புண்ணுக்கு டிஞ்சர் தடவிய பஞ்சு எப்படி இருக்கும், அந்தச் செம்மஞ்சள் நிறம்.

போன் அடித்தது. மேட்ரன்.

"சுடுதண்ணிப் பையோட மூடி எங்கடி?"

"உன் டியூட்டி" என்று சொல்லிக் கைராசி போனை வைத்தாள்.

நிறம் வெளுத்து, மேகம் மறுபடி மூடும்வரை அவள் அசையவில்லை. பிறகு துண்டை உதறிக்கொண்டு இறங்கினாள். வாசலில் வேன் நின்றது. ஊசி அப்போதுதான் போனைத் தூக்கிக்கொண்டு மேட்டைப் பார்த்து ஓடிவந்தாள்.

"தெரியுதா?"

"மூடியாச்சு."

"ஐயோ! படமாவது எடுத்தியா?"

"இல்ல. டிஞ்சர் போட்ட பஞ்சு மாதிரி இருந்துச்சு."

"டிஞ்சரா?" மேட்ரன் வேனுக்குள்ளிருந்து குரல் கொடுத்தாள். செல்லத்தின் கை அவள் கையைப் பிடித்திருந்தது. "வெள்ளைடி அது! நாங்க பார்த்திருக்கோம்!"

"நீங்க மத்தியானம் பார்த்தீங்க" என்றாள் கைராசி.

முன் கதவைத் திறந்து, இருக்கையில் கிடந்த ஊசியின் தொப்பியை எடுத்துப் பின்னால் போட்டுவிட்டு, டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.