ரமேஷ் பூட்டிய கோப்பு

கம்ப்யூட்டர் திரையின் நடுவில் வந்து நின்ற அந்தச் சாம்பல் நிறப் பெட்டி இன்னும் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. 'இந்தக் கோப்பை ரமேஷ் பூட்டி வைத்திருக்கிறார்' என்று இங்கிலீஷில் சொன்னது அது. 2005, மரக்காணத்தில் ஒரு உப்பளக் கம்பெனி ஆபீஸ். அங்கே மேனேஜரும் டைப் அடிக்கிற நானும்தான். ரமேஷ் என்று ஒரு ஈ எறும்புகூடக் கிடையாது.

"யாரும்மா இந்த ரமேஷ்?" என்றார் பின்னால் நின்ற மேனேஜர்.

"தெரியாதுங்க சார்."

"தெரியாதவன் எதுக்கு உன் பைலைப் பூட்டுறான்?"

அடக் கடவுளே! கல்யாணம் ஆகாத பெண்ணிடம் கேட்கிற கேள்வியா இது? நல்ல மனுஷன்தான், ஆனால் ஊர்க் கவலையெல்லாம் தன் தலையில் போட்டுக்கொள்வார். பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த என் அப்பாவைக் கூட்டிவர அப்போதே ஆள் அனுப்பிவிட்டார். "உன்னப் பத்தி ஒரு பேச்சு வந்துச்சுன்னா அன்னியோட வேலைக்கு முழுக்கு" என்று சொல்லித்தான் அப்பா என்னை வேலைக்கு விட்டிருந்தார். அந்த வேலை என்றால் எனக்கு உயிர்.

அப்பா வருவதற்குள் ரமேஷைப் பிடித்தாக வேண்டும். கோப்புகளைத் துழாவி, மறைந்திருப்பவற்றையும் காட்டவைத்தேன். என் கோப்பின் பெயரிலேயே, முன்னால் ஒரு டாலர் குறியோடு, பக்கத்தில் குட்டியாக ஒரு கோப்பு இருந்தது. வேறொன்றைத் திறந்து பார்த்தேன், அதற்கும் ஒரு குட்டி முளைத்தது. மூடினேன், குட்டியைக் காணோம். இன்றைக்கும் அதைப் பார்த்து வைரஸ் என்று யாராவது அலறினால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். நான் திறக்காத என் கோப்புக்கும் குட்டி இருக்கிறதென்றால், அது வேறெங்கோ திறந்து கிடக்கிறது! ஒயர் போட்டு இணைத்திருந்த இன்னொரு கம்ப்யூட்டர் மேனேஜர் அறையில் இருந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், திரையில் சீட்டாட்டத்துக்குப் பின்னால் என் கோப்பு. பாண்டிச்சேரியில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய மிஷின் அது. விற்றவர் ரமேஷ் என்ற தன் பெயரை அதிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார்.

அப்பா வந்துவிட்டார். முழங்கால் வரை உப்பு. திட்டப் போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவரோ மேனேஜரிடம் மெதுவாக, "பையன் எந்த ஊருங்க? வேலையில இருக்கானா?" என்றார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "சார், பஸ்ல சீட்டுக்குத் துண்டு போட்டு இடம் புடிக்கிறோமில்ல? பைலைத் தொறந்தா அதும் ஒரு குட்டி பைலைப் போட்டு இடம் புடிக்குது. மூடினா தானா எடுத்துக்கும். நடுவுல கரண்டு போச்சுன்னா துண்டு அப்படியே கெடக்கும். உங்க ரூம்ல பைலைத் தொறந்து வச்சுட்டு சீட்டு ஆடியிருக்கீங்க. துண்டு உங்களுது, பேரு மிஷினை வித்தவருது. அந்த ரமேஷ் நீங்கதான் சார்!"

கடைசியாகச் சொன்னது மட்டும்தான் அப்பா காதில் விழுந்தது. மேனேஜரை வழுக்கையிலிருந்து செருப்பு வரை ஒருமுறை பார்த்தார்.

"ஏம்மா, போன மாசம்தானே இவரு பேத்தி காதுகுத்துக்குப் போயி மொய் வச்சுட்டு வந்தேன்!"

ரமேஷ் என்று ஒரு பையனே இல்லை என்றானதும் என் வேலை அந்த நிமிஷமே பிழைத்துவிட்டது. அப்பாவுக்குப் புரியவைத்து மேனேஜர் மானம் பிழைக்கத்தான் சாயங்காலம் ஆயிற்று.