பத்தாவது பூச்சி

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் படிக்க எழுத உனக்கு என்ன தகுதி என்று கேட்டால் ஒன்றும் இல்லைதான். தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு மே மாதம். ஸ்ரீவராகத்தில் குடியிருந்தோம். மலையாளப் பள்ளியில் படித்த மகளுக்கு விடுமுறை வேலை கொடுத்திருந்தார்கள். தெருவில் காணும் பத்துச் செடி, பத்துப் பூச்சி எழுத வேண்டும். மதில் இடுக்கில் குப்பைமேனி, ஓடை ஓரம் கீழாநெல்லி, தும்பை என்று செடிகளைச் சுலபமாக முடித்துவிட்டாள். பூச்சி ஒன்பதோடு நின்றது.

எங்கள் கொல்லைக்குப் பின்னால் ஒரு காலி மனை. இடுப்பளவு புல். முந்தின வாரம் துணி உலர்த்தும்போது அதில் ஒரு பாம்பு நெளிந்து போவதைப் பார்த்திருந்தேன். அன்று சாயங்காலம் மகள் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அங்க போகாதேடி. பெரிய பூச்சி இருக்கு.”

“எவ்வளவு பெரிசு?”

“பெரிசுன்னா பெரிசு. சொன்னாக் கேளு.”

எங்கள் வீட்டில் பாம்பு என்று வாயால் சொல்ல மாட்டோம். பேரைச் சொன்னால் வந்துவிடுமாம். பூச்சி என்றாலே எல்லோருக்கும் புரியும். அவளுக்கும் புரிந்திருக்கும் என்று நினைத்துக் காப்பிக்குப் பால் வைக்கப் போனேன்.

திரும்பி வந்தால் அவளைக் காணோம். நோட்டும் இல்லை. என்ன சொல்லித் தொலைத்தேன் என்று அப்போதுதான் உறைத்தது.

புல்லுக்கு நடுவே அவள் தலை மட்டும் தெரிந்தது. குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டால் திடுக்கிட்டு எதை மிதிப்பாளோ. கூப்பிடாமலும் எப்படி இருப்பது? அடுத்த வீட்டுச் சேச்சியிடம்கூடச் சத்தமாகப் பேசாதவள் நான். ஆனாலும் கத்தினேன்.

“பாம்பு. அங்க பாம்பு இருக்குடி. அசையாதே.”

தெருவுக்கே கேட்டிருக்கும். அவள் அப்படியே நின்றாள். கம்பால் புல்லைத் தட்டிக்கொண்டே போனேன். எருக்கிலையில் மஞ்சளும் நீலமுமாக ஒரு வெட்டுக்கிளி. அவள் செருப்புக்கு இரண்டடி தள்ளிப் பாம்புச் சட்டை கிடந்தது. கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

“பாம்புன்னா பாம்புன்னு சொல்லப்படாதா? பூச்சின்னா நான் நோக்கத்தானே போவேன்?” என்று அழுதாள்.

மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்த சேச்சி, “இத்தற ஒச்சயுண்டோ நினக்கு?” என்றாள். இவ்வளவு சத்தம் வருமா உனக்கு என்று சிரிப்பு. உள்ளே பால் தீய்ந்துகொண்டிருந்தது.

மறுநாள் மகள் நோட்டில் பத்தாவதாக வெட்டுக்கிளியை எழுதினாள். பாம்புச் சேதி கேட்டு மனைக்காரர் அனுப்பிய ஒரு ஆள் மத்தியானம் வந்து அந்த மனையில் புல்லையும் எருக்கையும் வெட்டிப்போட்டுவிட்டுப் போனான்.