பெட்டி தானாகத்தான் அணைந்தது

எனக்கு எழுபத்திரண்டு வயது. நான்கு பிள்ளைகளை வளர்த்தேன். யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை.

கடலூர் வீட்டில் கரண்டில் கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டி வைத்திருக்கிறேன். இரண்டு முறை முட்டை கெட்டது. காலையில் மருமகள் கவிதா வீடு கூட்டும் நேரத்தில்தான் பெட்டியின் விளக்கு அணையும்.

“நீதான் சுவிட்சுல கை வெக்கிற.”

“சத்தியமா இல்லீங்க அத்த.”

நான் நம்பவில்லை. ஒரு மாதம் அவளோடு பேசவுமில்லை.

சிதம்பரத்தில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பெண்ணிடம் பெட்டியைக் கொண்டுபோனேன். அவள் ஒரு கருவியைத் திருகி ஓல்டேஜைக் குறைத்தாள். விளக்கைப் போட்டு அணைக்கும் ரிலே டக்டக்கென்று அடித்துக்கொண்டது. யாரும் தொடாமலே விளக்கு அணைந்தது.

“காலையில பக்கத்துல மோட்டார் போடுவாங்களாம்மா? ஓல்டேஜ் எறங்குனா இது இப்டித்தான் தடுமாறும். வீட்ல யாரையாச்சும் திட்டிப்புட்டீங்களா?”

“பக்கத்து வீட்ல போடுவாங்க” என்று மட்டும் சொன்னேன். வெளியே கரண்ட் ஏறினாலும் இறங்கினாலும் ரிலேவுக்கு ஒரே அளவாகக் கொடுக்கும் சின்னச் சாமான் ஒன்றை வைத்துக் கொடுத்தாள்.

இந்த முறை குஞ்சு பொரித்தது. முதல் குஞ்சைக் கையில் ஏந்தி வந்து காட்டியவள் கவிதாதான், ஒன்றுமே நடக்காததுபோல. அப்போதும் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் எழுத்துக்கூட்டி இதை எழுதி, பேத்தி கையில் கொடுக்கிறேன்.

“பாப்பா, இத கொஞ்சம் படிச்சுக் காட்டு. சத்தமா படி. அடுப்படியில இருக்கற உங்கம்மாவுக்குக் கேக்கணும்.”